டிவி பாட்டுப் போட்டியை நம்பலாமா? டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறேன், மற்ற நாளில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். சூப்பர் சிங்கர், சரிகமப மாதிரி நிகழ்ச்சிகளைப் பற்றி எங்கே போனாலும் கேட்கிறார்கள். பாதிப் பேர் சண்டைக்கு வருகிற மாதிரி கேட்கிறார்கள், மீதிப் பேர் தன் பிள்ளையை எப்படி அங்கே அனுப்புவது என்று கேட்கிறார்கள், சில வீடுகளில் இரண்டையும் ஒரே ஆளே கேட்கிறார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் செட்டப்புதானே அண்ணே? யார் ஜெயிக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணிடுறாங்களாமே?

ஜெயிப்பவர் பெயரை முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னவர்கள் ஏராளம், ஆதாரம் காட்டியவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் நிகழ்ச்சி நடத்துகிறவர் கையில் வேறு பல பிடிகள் இருக்கின்றன, சந்தேகப்பட வேண்டுமென்றால் அதைப் பார்த்துச் சந்தேகப்படுங்கள். ஆடிஷனுக்கு வந்த கூட்டத்தில் யாரை கேமரா முன்னால் நிறுத்துவது, இந்த வாரம் மெலடி சுற்றா கிராமியச் சுற்றா, யாருக்கு எந்தப் பாட்டு, யார் பேசியதை எத்தனை நிமிடம் விடுவது, நடுவர் கண் கலங்கியதை எந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டுவது, வெளியே போனவரை வைல்டு கார்டில் எப்போது உள்ளே கொண்டுவருவது, எல்லாமே அவர்கள் முடிவுதான். கிராமியப் பாட்டில் ஊறி வந்த பையனுக்கு அடுத்தடுத்து மேற்கத்திய சுற்று வந்தால் அவன் தானாகவே கீழே இறங்கிவிடுவான், அதற்கு ஓட்டைத் திருட வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் நாம் வீட்டில் கேட்பது ஒலிக்கலவை முடிந்து வரும் சத்தம். அரங்கத்தில் உட்கார்ந்தவர் காதில் விழுந்ததும் நம் காதில் விழுவதும் ஒன்றில்லை, அதனால் "அந்த இடத்துல சுருதி சுத்தமா இருந்துச்சே, ஏன் மார்க் குறைச்சாங்க" என்று கோபப்படுவதற்கு முன்னால் இதையும் நினைவில் வையுங்கள்.

அவ்வளவையும் தாண்டி, குரல் அந்தப் பிள்ளையுடையதுதான். அதில் சந்தேகப்பட எனக்கு மனமில்லை.

நம்பிக்கை இல்லன்னு சொல்றோம், ஆனா ஒரு வாரம்கூட விடாம பார்க்கிறோமே, ஏன்?

விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் ஆரம்பித்தது 2006. அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்ததும் அதே 2006, செப்டம்பரில். அதற்கு முன்னால் சன் டிவியில் ஏ.வி.ரமணன் நடத்திய சப்தஸ்வரங்களைப் பார்க்க, டிவி இருக்கிற வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தவர்கள் நம் பக்கம் உண்டு. குடிசையிலும் கலர் டிவி வந்ததும், அதில் சினிமா நட்சத்திரம் இல்லாத ஒரு சாதாரணப் பிள்ளை நின்று பாடியதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தது. அந்தப் பிள்ளை இடத்தில் தன் பிள்ளையை வைத்துப் பார்க்காத அப்பா அம்மா இருக்க முடியுமா?

இன்னொன்று, நம் பக்கத்துக்காரர்கள் காது பழகியவர்கள். நாகஸ்வரமும் தவிலும் கேட்டே வளர்ந்த ஊர்கள் இவை. நரசிங்கம்பேட்டையில் இன்றும் நாகஸ்வரம் செய்கிறார்கள், 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராகத்தின் பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் சாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிக்கிற மல்லாரி எங்கே முடியும் என்று சரியாகத் தெரிந்து கையெடுத்துக் கும்பிடுகிற கிழவர்கள் இங்கே இருக்கிறார்கள். நடுவர் "அருமை" என்று சொல்லும்போது "எங்கய்யா அருமை, மேல போகயில விட்டுட்டான்" என்று திண்ணையிலிருந்து சொல்வதும் அந்தக் காதுதான். சலிப்பு, ஆர்வம் இரண்டுமே பாட்டு தெரிந்ததால் வருகிறது.

சபாவுல பாடி மேல வர்றதை விட்டுட்டு எதுக்கு டிவி பின்னால ஓடணும்?

சபா வாசல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை, அதனால்தான். திருவையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராஜருக்கு அங்கே சமாதிக் கோயில் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தன் நகை, சொத்தையெல்லாம் அதற்காகக் கொடுத்தவர். அப்படிப்பட்டவருக்கே ஆராதனையில் பாட இடமில்லை என்றார்கள், பெண் என்பதால், தேவதாசி மரபில் வந்தவர் என்பதால். அவர் அசரவில்லை, பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே ஆராதனை நடத்தினார். பிறகு ஆராதனையைத் தனித்தனியாக நடத்திக்கொண்டிருந்த தரப்புகளெல்லாம் ஒன்றாகி, இன்று பஞ்சரத்தினக் கீர்த்தனை பாட ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருகிறார்கள். கட்டிக் கொடுத்தவருக்கே அந்தக் கதி என்றால், வயலில் நடவு நட்டுக்கொண்டே பாடிய ஒரு பெண்ணுக்கு எந்தச் சபா கூப்பிட்டு மேடை கொடுத்திருக்கும்?

அந்தக் காலத்தில் குரல் இருக்கிற ஏழைப் பிள்ளைக்கு வழி நாடகம்தான். மாயவரத்தில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதர் நாடக மேடையில் பாடித்தான் சினிமாவுக்குப் போனார். சீர்காழி கோவிந்தராஜனும் நாடகத்தில் இருந்தவர். அந்த நாடகக் கம்பெனிகள் போன பிறகு பல வருஷம் நம் பக்கத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு வாசலே இல்லை, கோயில் கச்சேரி, பள்ளி ஆண்டுவிழா, அதோடு சரி. டிவி போட்டி அந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது. குறை இருக்கிற வாசல்தான், ஆனாலும் வாசல். பெண் பிள்ளை மேடையேறிப் பாடினால் கல்யாணத்துக்கு ஆகாது என்று சொன்ன வீடுகளே இப்போது மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வருகின்றன. டிவியில் அப்படிப் பாடும் பெண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த மாற்றம் வந்தது, இதை யார் மறுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓட்டு உண்மையிலேயே எண்ணுறாங்களா?

முதலில் எஸ்எம்எஸ், அப்புறம் இணையம், மிஸ்டு கால், இப்போது ஆப். எஸ்எம்எஸ் காலத்தில் போட்டிக்கான மெசேஜுக்குச் சாதாரண மெசேஜை விடக் கூடுதல் காசு பிடித்தார்கள், அதில் டெலிபோன் கம்பெனிக்கும் பங்கு, நிகழ்ச்சிக்கும் பங்கு. அதாவது ஓட்டு அப்போது வருமானமும்கூட. ஆப் வந்த பிறகு காசு போகவில்லை, அதற்குப் பதிலாக நம் நம்பரும் நம் பார்வையும் அந்த ஆப்புக்குள் போகிறது. மேடையில் எண்ணிக்கை சொன்னாலும் வீட்டிலிருக்கிற நமக்கு அதைச் சரிபார்க்க ஒரு வழியும் இல்லை. தேர்தலில் ஏஜெண்ட் உட்காருவார், இங்கே யார் உட்காருகிறார்? வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளரை வைத்துச் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கையை அறிவித்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும், சேனல்கள் இதைச் செய்ய வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

நம்ம ஊருப் பிள்ளைன்னு ஓட்டுப் போடுறது தப்பா?

தப்பில்லை. ஊர் முக்கில் பிள்ளையின் படம் போட்ட பிளெக்ஸ், கீழே ஓட்டுப் போடும் முறை, ஜெராக்ஸ் கடையில் அடித்த துண்டு நோட்டீஸ், அதைப் பேருந்து நிலையத்தில் நின்று கொடுக்கிற கல்லூரிப் பையன்கள், இதெல்லாம் எனக்குப் பிடித்த காட்சி. சம்பா அறுப்பு நேரத்தில் களத்து மேட்டில் போனை நீட்டி "இதுல எப்படிம்மா அழுத்தணும்" என்று கேட்ட ஒரு பெரியம்மாவைப் பார்த்தேன். போன் திரையில் தூசி, கைவிரலெல்லாம் சுணை, அழுத்தினால் எடுக்கவில்லை, முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை அவருக்குச் சொந்தமும் இல்லை. ஒரே தாலுகா, அவ்வளவுதான்.

சாதி வாட்ஸ்அப் குழுவில் "நம்ம பையன், எல்லாரும் போடுங்க" என்று வருவது வேறு. அதை நான் வெறுக்கிறேன். பாடுகிறவன் வாயைத் திறப்பதற்குள் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து ஓட்டு விழுந்தால், எந்தக் காரணத்துக்காக இந்த வாசல் நல்லது என்று மேலே சொன்னேனோ அந்தக் காரணமே அடிபட்டுப் போகிறது. உங்கள் குழுவில் வந்தால் அங்கேயே மறுத்து எழுதுங்கள்.

ஏற்கனவே சினிமாவுல பாடினவங்களை உள்ள விடுறாங்களே, நியாயமா?

2016-இல் சூப்பர் சிங்கர் ஐந்தாவது சீசன் முடிந்தபோது இதே சண்டைதான். பட்டம் வாங்கியவர் ஏற்கனவே படங்களில் பாடியவர் என்று தெரிந்து மக்கள் கொதித்தார்கள். அவர் நன்றாகப் பாடினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விதியில் இடம் இருந்தால் கலந்துகொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் புதுக் குரலைத் தேடுகிறோம் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு இதை முதல் நாளே திரையில் போட்டுச் சொல்லாதது நடத்துகிறவர்கள் தப்பு. பார்க்கிறவனுக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் அவன் தெரிந்தே ஓட்டுப் போட்டிருப்பான், ஏமாந்த உணர்வு வந்திருக்காது. இன்று "எல்லாம் செட்டப்பு" என்று பேசுகிறவர்களில் பலர் இந்த ஒரு சம்பவத்தைத்தான் இன்னமும் காட்டுகிறார்கள்.

பாட்டை விடக் குடும்பக் கஷ்டத்தையே ஏன் காட்டுறாங்க?

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையன் ஒரு சேனல் போட்டியில் சில சுற்று வரை போனான். வீட்டைப் படம் எடுக்க ஆட்கள் வந்தபோது நானும் இருந்தேன். அவன் அப்பா லாரி டிரைவர், சொந்தமாக நிலம் கிடையாது. அவரை வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மண்வெட்டியை வாங்கித் தோளில் வைத்து, வரப்பில் நடக்கச் சொன்னார்கள். காவிரி டெல்டா என்றால் விவசாயிதான் எடுபடும் என்றார்கள். கூடத்தில் இருந்த பீரோவையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அம்மாவைத் தரையில் உட்காரவைத்தார்கள். அந்தப் பீரோ அவர் பல வருஷம் சீட்டுக் கட்டி வாங்கியது. "பையன் ஜெயிச்சா என்ன செய்வீங்க" என்று கேட்டு, அவர் அழும் வரைக்கும் அதே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ஒளிபரப்பானதும் சொந்தக்காரர்கள் போன் செய்து "ஏன் இப்படிப் பிச்சை எடுக்கிற மாதிரி காட்டினீங்க" என்று திட்டினார்கள். அந்தம்மா இரண்டு வாரம் கடைத்தெருவுக்கே போகவில்லை.

கஷ்டம் இருந்தால் காட்டட்டும், நடிக்க வைக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வந்தால் "நாங்க எப்படி இருக்கோமோ அப்படியே எடுங்க" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைச் சொன்னதற்காக வெளியே அனுப்பினால் அந்த நிகழ்ச்சி நமக்குத் தேவையில்லை.

டிஆர்பி டிஆர்பின்னு சொல்றாங்களே, நம்ம பார்க்கிறது அதுல சேருதா?

டிஆர்பி என்றால் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எடுக்கிற கணக்கு. அதில் நாம் ரொம்ப நாள் சேரவில்லை. முன்பு அந்த ரேட்டிங் எடுத்த டாம் (TAM) நிறுவனத்தின் மீட்டர்கள் நகரங்களில்தான் இருந்தன. அந்த வேலைக்கு பார்க் (BARC) என்ற அமைப்பு வந்த பிறகு 2015 அக்டோபரில்தான் கிராமக் கணக்கும் உள்ளே வந்தது. அதுவரைக்கும் வலங்கைமானிலும் முத்துப்பேட்டையிலும் சுற்றியுள்ள கிராமத்தில் யார் எதைப் பார்த்தாலும் விளம்பரக்காரர் கணக்கில் அது பூஜ்ஜியம். இப்போதும் சாம்பிள் வீடுகள்தான், உங்கள் வீட்டில் மீட்டர் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கிராமம் கணக்கில் வந்த பிறகுதான் நாட்டுப்புறப் பாட்டுக்கு இந்த மேடைகளில் இவ்வளவு மதிப்பு கூடியது என்பது என் எண்ணம். 2018-இல் புதுக்கோட்டை மாவட்டத்துச் செந்தில் கணேஷ் கிராமியப் பாட்டோடு வந்து சூப்பர் சிங்கர் பட்டம் வாங்கினார், மனைவி ராஜலட்சுமியும் அதே சீசனில் பாடினார். அதற்கு அடுத்த திருவிழா சீசனிலேயே எங்களிடம் "கிராமியப் பாட்டு பாடுற ஆள் இருக்கா" என்று கமிட்டிக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை அவர்கள் கேட்டதெல்லாம் குத்துப்பாட்டுதான்.

சின்னப் பிள்ளைகளை அனுப்பலாமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி குழந்தைக் கலைஞரை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. நிகழ்ச்சி நடத்துகிறவர் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். வருமானத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். பிள்ளைக்கு விருப்பம் இல்லாமல் கலந்துகொள்ள வைக்கக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டே போங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஏசி அரங்கத்தில் தூங்கி வழிகிற பிள்ளையை எழுப்பி "சிரிச்சுகிட்டே வா" என்று சொல்லும்போது அந்தத் தாள் பேசும்.

ஆண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். மகரக்கட்டு வருகிற வயதில், பன்னிரண்டு பதிமூன்றில் ஆரம்பித்து குரல் உடையும்போது, உச்சஸ்தாயியில் கத்தவிடாதீர்கள். மேல் ஸ்வரத்தைத் தொட்டால் அரங்கம் எழுந்து நின்று கை தட்டுகிறது என்பதற்காக வாராவாரம் அதையே பாட வைக்கிறார்கள். நாடகக் கம்பெனி காலத்திலும் மகரக்கட்டு வந்த பையனைப் பாட்டு வேஷத்திலிருந்து இறக்கிவிடுவார்களாம். இப்போது குரல் உடைந்த பையனைக் கேமரா அதே மாதிரி ஒதுக்கிவிடுகிறது. அந்த ஒன்றிரண்டு வருஷம் கீழ் சுருதியில் மெதுவாகப் பாடிக்கொண்டு வீட்டிலேயே இருக்கட்டும், போட்டி எங்கேயும் போய்விடாது.

பரிசு முழுசாக் கையில கிடைக்குமா?

வரி போகத்தான் கிடைக்கும். டிவி போட்டிப் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. பத்து லட்சம் என்றால் மொத்த வரி 3,12,000 ரூபாய், அது போக நமக்கு நிற்பது 6,88,000. வீடாகவோ காராகவோ கொடுத்தால் வரியைக் கட்டிய பிறகுதான் பரிசை விடுவிப்பார்கள், அந்த வரியை யார் கட்டுவது என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். "வீடு கொடுக்கிறோம்னு ஏமாத்திட்டாங்க" என்று ஊரில் பேசுவதில் பாதி இந்த வரி புரியாததால் வருவது.

ஆடிஷனுக்குப் போகணும், என்ன செய்யணும்?

பணம் கேட்டால் போகாதீர்கள், இதுதான் முதல் விஷயம். "செலக்‌ஷன் உறுதி, பத்தாயிரம் கட்டுங்க" என்று போனில் பேசுகிறவன் திருடன். அறிவிப்பைச் சேனலில் வந்ததா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பக்கவாத்தியம், கரோக்கி எதுவும் இல்லாமல் வெறும் குரலில் பாடிப் பழகுங்கள், அங்கே அப்படித்தான் கேட்பார்கள். ஒரு பழைய மெலடி, ஒரு கிராமியப் பாட்டு, இரண்டிலும் பல்லவியை மட்டும் வைத்துக்கொள்ளாமல் சரணத்தையும் தயார் செய்யுங்கள், ஏனென்றால் பல்லவி எல்லோருக்கும் வரும், சரணத்தில்தான் மூச்சு தெரியும். தேர்வானால் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை வருஷம் வேறு சேனலில் பாடக் கூடாது, வெளிக் கச்சேரிக்கு யார் அனுமதி வாங்க வேண்டும், கச்சேரிப் பணத்தில் யாருக்கு எவ்வளவு, ஷூட்டிங்குக்குப் போகவர செலவு யாருடையது, இந்த நாலும் முக்கியம். "நாளைக்கே கையெழுத்து வேணும்" என்று அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாகப் படியுங்கள்.

தோத்துப் போனவங்க என்ன ஆகுறாங்க? ஒரு வருஷம் கழிச்சு யாருக்கும் பேரே தெரியறதில்லையே.

டிவிக்குத் தெரியாது, திருவிழாக் கமிட்டிக்குத் தெரியும். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் நம் பக்கம் ஒட்டுகிற பிளெக்ஸைப் பாருங்கள், பெயருக்கு முன்னால் நிகழ்ச்சியின் பெயர், பக்கத்தில் 'புகழ்'. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பலர் வீட்டு வாடகை கட்டுகிறார்கள், தங்கை கல்யாணத்தை முடிக்கிறார்கள். இறுதிச் சுற்று வரை போகாதவர்கள்கூட மேடையில் நல்ல பெயர் எடுத்து வருஷா வருஷம் அதே ஊருக்கு வருகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னந்தோப்பையெல்லாம் சாய்த்த பிறகு அடுத்த வருஷம் பல ஊரில் கச்சேரி இல்லை, அப்புறம் கொரோனாவில் இரண்டு சீசன் போனது. அப்போது இவர்களில் சிலர் செல்போன் கடைக்கும் டெலிவரி வேலைக்கும் போனார்கள். எந்தச் சேனலும் அந்த நேரத்தில் அவர்களைத் தேடி வந்து நான் பார்க்கவில்லை. பழைய கமிட்டிக்காரர்கள்தான் "அடுத்த வருஷத்துக்கு இப்பவே வச்சுக்கோ தம்பி" என்று முன்பணம் அனுப்பினார்கள்.

அதனால் யார் ஜெயித்தார் என்று சண்டை போடும் நேரத்தில் பாதியை, நமக்குப் பிடித்த குரல் அடுத்த வருஷமும் பாடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் செலவழியுங்கள் என்பேன்.

எங்க ஊர்த் திருவிழாவுக்கு அப்படி ஒருத்தரைக் கூப்பிடணும், எப்படிப் பேசுறது?

நேரடியாக அவர்களிடமோ மெல்லிசைக் குழு நடத்துகிறவரிடமோ பேசுங்கள், நடுவில் இரண்டு புரோக்கர் நுழைந்தால் பாடுகிறவர் கைக்குப் பாதிதான் போகும். மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கொடுத்துத் தேதியைப் பிடியுங்கள், மீதியை மேடை ஏறுவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள், கச்சேரி முடிந்து விடியற்காலையில் பொருளாளரைத் தேடி அலையவிடுவது நம் பக்கத்தில் இன்னமும் நடக்கிறது. பெண் பாடகர் என்றால் உடை மாற்ற ஒரு நல்ல வீட்டில் அறை ஏற்பாடு செய்யுங்கள், மேடைக்குப் பின்னால் துணி கட்டி மறைத்தால் போதாது. மைக் செட்டுக்கு வைத்த பணத்தைக் குறைக்காதீர்கள், மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாமல் எவ்வளவு பெரிய பாடகருக்கும் சுருதி நிற்காது, அப்புறம் "டிவியில பாடின மாதிரி இல்லையே" என்று நீங்கள்தான் சொல்வீர்கள். ஒலிபெருக்கிக்குப் பொதுவாக ராத்திரி பத்து மணிதான் எல்லை, அதனால் முக்கியப் பாடகரை எட்டு மணிக்கே மேடையேற்றுங்கள். வரவேற்பு, பொன்னாடை, நன்கொடையாளர் பட்டியல் எல்லாவற்றையும் ஏழரைக்குள் முடித்துவிட்டால் இரண்டு மணி நேரம் முழுசாகப் பாட்டு கேட்கலாம்.